தாழைப்பற்றுப் பள்ளியில் எழுந்த மௌனம்

திருவும் நீரும் குறையாதிருக்க. பேரேரியின் காவலரும், எதிர்த்தவர் அரண்களை மண்மேடாக்கியவருமான நீலவாவி நாட்டரசர் கோளரித் தேவர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவருடைய ஓலைநாயகம் நக்கன் வேளான், தாழைப்பற்று நாடாள்வான் கொற்றங்குடையாருக்கு விடுக்கும் திருமுகம். உமது வயல்கள் விளைக. உமது இல்லம் பொலிக.

சென்ற திங்கள் மன்னர் உமது ஊர்ப் பள்ளிக்கு எழுந்தருளி, பிள்ளைகள் அரச வரலாற்றை ஓதக் கேட்டதை நீர் அறிவீர். மன்னரின் பாட்டனார் பேரேரியின் கரையை உடைத்துப் பகைப்படையை மூழ்கடித்த வெற்றியை அவர்கள் கணீரென்று ஓதினர். அதே வெள்ளத்தில் தாழைப்பற்று முதலான கீழ்க்கரை ஊர்களின் மக்களும் மாண்டனர் என்ற பகுதியை இனிக் கற்பிக்கலாகாது என்று முன்னமே ஆணை போயிருந்தது. பள்ளி ஆசிரியரான கணக்காயர் சாத்தனாரும் ஒரு சொல் மிச்சமின்றி அதை நீக்கியிருந்தார். ஆயினும் அந்த இடம் வந்ததும் பிள்ளைகள் அனைவரும் எழுந்து, தலை தாழ்த்தி, பேசாது நின்றனர். மாண்டவர்க்காக அவ்விடத்தில் எழுந்து நிற்பது அப்பள்ளியின் பழைய வழக்கம். ஆணை எழுதியவர்கள் சொற்களை நீக்கினார்களே தவிர, எழுந்து நிற்பதை நீக்க மறந்தார்கள். அரண்மனை அறிவு அவ்வளவே.

எதற்காக நிற்கிறீர்கள் என மன்னர் வினவ, முன்வரிசையில் நின்ற உமது மகள் பூதி, அவ்விடத்தில் சொல்லக்கூடாதது ஒன்று இருப்பதாகவும், அது என்னவென்று வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கேட்டு அறிந்துகொண்டதாகவும் பணிவுடன் விடை கூறினாள். மன்னர் புன்னகைத்து அவளுக்கு முத்துமாலை ஈந்தார். ஆனால் தேரில் திரும்பும்போதே ஒற்றரை அழைத்து உமது ஊரைக் கண்காணிக்கப் பணித்தார். அஞ்சினார் என்பதை உம்மிடம் மறைப்பதற்கில்லை.

அச்சத்தின் காரணம் இது. வடகரைப் படை உமது வயல்வெளிக்கு அப்பால் பாசறை அமைத்திருக்கிறது. வரும் மக நாளில் பேரேரியின் கரையை மீண்டும் உடைப்பதென மன்னர் முடிவு செய்துள்ளார். கீழ்க்கரை மக்கள் மேட்டுக்கு ஏறினால், அதைக் கண்டு பகைவனும் ஏறிவிடுவான். இப்போதே சில வீட்டார் பழைய வெள்ளத்தை நினைந்து நெல்லை மேட்டுக்கு மாற்றுவதாக ஒற்றர் உரைத்தனர்.

ஆதலின், இவ்வோலை கண்டவுடன் சாத்தனாரைப் பல்லக்கேற்றி, பரிசு பெறச் செல்வதாக ஊரறியச் சொல்லி, தலைநகருக்கு அனுப்புக. அவர் திரும்பி வரமாட்டார். அவருக்குப் பதிலாக வரும் ஆசிரியர், அந்த மௌனத்தின் இடத்தில் வாழ்த்தொலி எழுப்பப் பிள்ளைகளைப் பழக்குவார். மேட்டுக்குச் செல்லும் வண்டிகளைத் திருப்புக.

மக நாளிலும் பள்ளி வழக்கம்போல் நடக்க வேண்டும். ஓதும் ஒலி பாசறைவரை கேட்டால் பகைவர் ஐயுறார். நாடாள்வானின் மகள் வரவில்லையெனில் ஊர் புரிந்துகொள்ளும். ஆகவே பூதி அன்று முத்துமாலை அணிந்து முன்வரிசையில் இருக்க வேண்டும்.

இது மன்னர் ஆணை. மதகு இலச்சினை இட்டோம். ஓலை கொணர்ந்த வீரர்கள் மக நாள் காலைவரை உமது இல்லத்தில் தங்கி, உம்மை மட்டும் மேட்டுக்கு அழைத்து வருவர்.