மேஸ்திரியைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம், பேத்திக்கு முன்பல் விழுந்து பொக்கை வாயோடு திரிகிறாள், என் சுகத்தைப் பிறகு சொல்கிறேன். இதை மேலே படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய். உன் தோளில் அந்த வலி ஜெல் பூசியிருந்தால் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவு, கையையும் கழுவு, போட்டிருக்கிற சட்டையை மாற்று, அந்தப் பூனைக்குட்டியைக் கிட்டே விடாதே. செய்துவிட்டு வந்து படி. நேற்றுப் போனில் இதைத்தான் கத்தினேன். உனக்கு எதைக் கண்டாலும் ஆகாதும்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய், அப்புறம் நான் கூப்பிட்டதை எடுக்கவும் இல்லை. நான் சும்மா திட்டுகிறேன் என்று நினைக்கிறாய், காரணம் தெரிந்தால் கேட்பாய். காரணம் இதுதான். நம் பூனை மேஸ்திரி செத்துப்போய்விட்டான். என் முட்டியில் பூசிய அந்த மருந்தை நக்கித்தான் செத்தான்.

அண்ணனைத் திட்டாதே, சொல்லக்கூடாது என்று அவன் வாயைக் கட்டிவைத்தது நான்தான். மத்தியானம் சாப்பிட வரும்போது இந்தத் தாள்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், தபாலுக்குக் காத்திருக்க முடியாது. ஏன் இத்தனை நாள் மறைத்தேன் என்று கேட்பாய். நீ யாருக்காகப் போன் செய்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. சாப்பிட்டியா என்று என்னை ஒரு வார்த்தை கேட்பாய், அடுத்த வார்த்தை மேஸ்திரியைக் காட்டு என்பதுதான். நான் போனை அவன் பக்கம் பிடித்துக்கொண்டு கை கடுக்க நிற்பேன். கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி உன் தோள் பிடித்துக்கொண்டது, அறையில் கூட இருந்தவள் கோபித்துக்கொண்டு போனது, காய்ச்சலில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் கிடந்தது எல்லாம் நீ பூனைக்குச் சொன்னதுதான். எனக்குச் சொன்னது நல்லாயிருக்கேன் என்பது மட்டும். பூனைக்குச் சொன்னதைக் கேட்டுத்தான் என் மகளின் பிழைப்பை நான் தெரிந்துகொண்டேன். அவன் இல்லை என்று சொன்னால் அதுவும் நின்றுபோகுமே என்று பயந்தேன்.

நீ புறப்பட்ட நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. உன் அப்பா போய் வீட்டில் ஈரம்கூடக் காயவில்லை. போனால் திரும்பி வராதே என்று நான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. உன்கூட இருந்துதான் அப்பா பேசுறதையே விட்டாரு என்று நீ சொன்னாய், அதையும் நான் மறக்கவில்லை, நீல நிறப் பையின் ஜிப் சிக்கிக்கொண்டு நீ இழுத்துக்கொண்டே சொன்னாய். அப்புறம் வாசலில் குனிந்து மேஸ்திரியின் தலையைத் தடவி, அவனைப் பார்த்துக்கோ என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் நீ என்னிடம் ஒப்படைத்துப் போனது அவன் ஒருத்தனைத்தான்.

நீ பூசுகிற அதே ஜெல்லைத் தோழி மூலமாக எனக்கும் அனுப்பினாயே, அந்த டியூப்புகள் வந்தபோது என் முட்டி இரண்டும் பூசணிக்காய் போல வீங்கியிருந்தன. இத்தனை வருஷம் சலவைக் கடையில் இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்ற கால்கள், சும்மா விடுமா. நீ அனுப்பியது என்பதாலேயே தாராளமாகப் பூசினேன். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் எறும்பு ஊர்வது போல எழுத்து, அதுவும் நம் பாஷை இல்லை, சுருட்டிப் போட்டேன். தெருமுனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டதற்கு, பூசுற மருந்துதானேம்மா, நல்லாத் தேய்ங்க என்றார். அவர் வாயிலிருந்து நல்லது எப்போது வந்தது, போன மழையில் என் குடையை மாற்றி எடுத்துக்கொண்டு போய் ஓட்டைக் குடையை விட்டுப் போனவரும் அவர்தான். காலையில் பூசுவேன், வேலை முடிந்து பூசுவேன், படுக்கப் போகும்போது பூசுவேன், மேலே சுடுதண்ணீர்ப் பையையும் வைப்பேன், வலி மாத்திரையும் போடுவேன். மேஸ்திரி மடியில் ஏறி முட்டியை மோந்து பார்த்துவிட்டு நக்குவான். எனக்கு வலி என்று அவனுக்காவது தெரிகிறதே என்று நினைத்தேன். உன் அப்பாவுக்குப் பிறகு என் காலைத் தொட்டவன் அவன்தான். சுகமாக இருந்தது. காலை நீட்டிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் மீன் துண்டை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை, குடித்துக் குடித்து வாந்தி எடுத்தான். உன் அப்பா அவனுக்கு மேஸ்திரி என்று பேர் வைத்ததே, யார் வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பான் என்றுதானே, அப்படிப்பட்டவன் நான் வீடு பெருக்கும்போது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எனக்கு உடனே மாடியில் இருக்கும் தையல்காரி ஞாபகம்தான் வந்தது. தைத்து மடித்த துணிமேல் படுத்து முடியை அப்பிவிட்டான் என்று அவள் ஒரு தரம் பச்சை வாளித் தண்ணீரை அவன்மேல் ஊற்றினாளே, அது என் நெஞ்சில் அப்படியே இருந்தது. விஷம் வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டி, படிக்கட்டில் நின்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அவள் வாயில் குண்டூசியோடு கதவைத் திறந்தாள், ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள், தண்ணி ஊத்துனேன், இல்லைங்கலை, வெஷம் வைக்க எனக்கு நேரம் ஏதுக்கா, ரெண்டு சட்டைக்கு இன்னும் காலரே வைக்கலை என்று.

நான் நம்பவில்லை. ஜன்னலைச் சாத்தினேன், கதவைத் தாழிட்டேன், அவனை வெளியே விடவே இல்லை. அவள் கைக்கு எட்டாமல் காப்பாற்றுகிறேன் என்று நாள் முழுக்க என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அந்த மருந்து பூசிய மடியில். கவலையில் முட்டி இன்னும் கடுத்தது, இன்னும் கொஞ்சம் பூசினேன். சோர்ந்து கிடந்தபோதுகூட நாக்கை நீட்டி இரண்டு தரம் நக்கிவிட்டுப் படுத்தான். அவள்மேல் எனக்கு இருந்த கோபம் இல்லாமல் இருந்திருந்தால் கதவைத் திறந்து விட்டிருப்பேன், எங்கேயாவது போய் வெயிலில் படுத்திருப்பான், பிழைத்திருப்பானோ என்னவோ.

கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று நினைக்கிறாய், அந்தத் தையல்காரிதான். படி இறங்க முடியாமல் நான் பூனையோடு நிற்பதைப் பார்த்து, நூல்கண்டுகள் இருந்த அட்டைப்பெட்டியைத் தரையில் கவிழ்த்துக் காலி செய்து கொண்டுவந்தாள். விலங்கு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் நான் விஷம் விஷம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. டாக்டரம்மா அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், நிமிர்ந்து என் பக்கம் மோந்து பார்த்தார். “காலுக்கு என்னம்மா பூசுறீங்க?” என்றார். சொன்னேன். பூனை அதை நக்குமா என்றார். நான் தையல்காரியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

நமக்கு வீக்கத்தை வற்ற வைக்கிற அந்த மருந்து பூனைக்கு, நாய்க்கு உள்ளே போனால் சிறுநீரகத்தைச் சாகடித்துவிடுமாம், வயிற்றைப் புண்ணாக்கிவிடுமாம், பூனைக்குக் கொஞ்சம் போனாலே போதுமாம். முன்னாலேயே வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார். அந்த முன்னாலேயை நான் படிக்கட்டில் சண்டை போட்டுத் தீர்த்துவிட்டேன். அங்கேயே வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் போனபோது கூண்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துத் தலையைத் தூக்கினான். தடவக் கையை நீட்டினேன், கையில் அந்த மருந்து ஒட்டியிருக்குமோ என்று பயந்து பின்னால் இழுத்துக்கொண்டேன். நான் ஏன் தொடவில்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு தலையைக் கீழே வைத்தான், அப்புறம் தூக்கவே இல்லை. அந்தத் தலையை நான் தடவாமல் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பின்பக்கம் துணி காயப்போடும் கம்பத்துக்குக் கீழே புதைத்தோம், குழி வெட்டினது தையல்காரி. வாளி விஷயத்தை நான் இன்னும் விடவில்லை, ஆனால் விஷம் என்று சொன்ன வார்த்தையை அவளிடம் திருப்பி வாங்கிக்கொண்டேன். நீ அனுப்பியதால்தான் ஆனது என்று உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே. நீ அனுப்பியது என் வலிக்கு, வலி குறையத்தான் செய்தது. எனக்குப் பூசத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அண்ணன் என்னை முட்டி பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போனான், இதையெல்லாம் முன்னாலேயே சொல்ல வாயில்லையா என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன். பாவம், பொறுமையாகச் சொன்னார். பூசுகிற மருந்தும் கொஞ்சம் ரத்தத்தில் சேரத்தான் செய்யுமாம், அதனால் கூடவே வலி மாத்திரையும் போடக்கூடாதாம், எனக்கு நெஞ்சு எரிந்தது அந்த மாத்திரையால்தான் இருக்கும் என்று நிறுத்திவிட்டார். நீயும் பெட்டி தூக்கப் போவதற்கு முன்னால் ஒரு மாத்திரையைப் போட்டு விழுங்குகிறவள்தான், என் வயிற்றில் பிறந்தவளை எனக்குத் தெரியாதா, இரண்டும் சேர்த்துப் போடாதே, உனக்கு எது சரி என்று அங்கே ஒரு டாக்டரைக் கேள். எத்தனை தரம், எவ்வளவு என்று சொல்லியிருக்கிறதோ அவ்வளவுதான் பூச வேண்டும், அதிகம் பூசினால் அதிகம் கேட்காது. புண்ணிலோ சிராய்ப்பிலோ படக்கூடாது, பெட்டி விளிம்பு கீறினால் அந்தப் பக்கம் போகாதே. மேலே துணியை இறுக்கிக் கட்டாதே, என்னைப் போலச் சுடுதண்ணீர்ப் பையும் வைக்காதே, பூசிய இடத்தில் சுள்ளென்று வெயில் படவும் விடாதே. நன்றாகக் காய்ந்த பிறகு சட்டையைப் போடு, கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்காதே. தோல் தடித்தாலோ அரித்தாலோ நிறுத்து. நாள் கணக்கில் பூசியும் வலி விடவில்லை என்றால் பூசிக்கொண்டே போகாமல் போய்க் காட்டு. உன் அண்ணன் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாளே, பூசினால் அவளைக்கூடக் கிட்டே விடுவதில்லை, பாட்டிக்குக் கோபமா என்று கேட்கிறாள்.

அந்தக் குட்டியை இன்றைக்கே விலங்கு டாக்டரிடம் கொண்டுபோ. துள்ளி விளையாடுகிறதே என்று இருந்துவிடாதே, மேஸ்திரியும் முதலில் விளையாடிக்கொண்டுதான் இருந்தான். டியூப்பையும் கையோடு எடுத்துப்போ. விடுப்புத் தரமாட்டார்கள் என்றால் சண்டை போடு, அது உனக்கு வரும், என்னிடமிருந்து போனதுதானே.

நேற்று நீ மேஸ்திரியைக் காட்டச் சொன்னபோது, தூங்குகிறான், போர்வைக்கு அடியில் இருக்கிறான் என்றேன். காலிப் போர்வைக்கு எதிரே போனைப் பிடித்தேன். நீ அதனிடம் பேசினாய். “மேஸ்திரி, உனக்குத் தம்பி வந்திருக்கான்டா. என் தோள்லதான் தூங்குறான், மருந்து பூசின இடத்தை நக்கிக்கிட்டே” என்றாய். உன் குரல் அவ்வளவு குளிர்ந்து நான் கேட்டு எத்தனை காலமாயிற்று. அந்தக் குரலைத்தான் நான் கத்திக் கெடுத்தேன். கெடுக்காமல் இருக்க முடியவில்லை கண்ணு.

கோபம் இருந்தால் வைத்துக்கொள், எனக்கும் வைத்துக்கொள்ளத் தெரியும். குட்டி பிழைத்துக்கிடக்கட்டும், உன் தோள் ஆறட்டும், நீ எங்கே இருந்தாலும் உடம்பில் தெம்போடு இரு. டியூப்பை மூடிபோட்டு அலமாரிக்குள் வை, மேஜைமேல் விடாதே. டாக்டர் என்ன சொன்னார் என்று கூப்பிட்டுச் சொல். இங்கே காட்டப் பூனை இல்லை. போனை வெளிப்பக்கமாகப் பிடித்தே பழகிய கை இது. இந்தத் தடவை என் பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
அவனைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாத
உன் அம்மா