உப்புத் தண்ணீரில் ஊறாத சிவப்புப் பாசி

போய்ச் சேர்ந்துவிட்டவளிடம் சுகமா என்று கேட்க முடியாது. நீ இருந்திருந்தால் முதலில் எதைக் கேட்பாயோ அதிலிருந்தே தொடங்குகிறேன். "பேரன் பேத்தியெல்லாம் எப்படிங்க இருக்குதுங்க?" என்றுதானே கேட்பாய்.

நன்றாக இருக்கிறார்கள். பெரிய பேரன் பாலிடெக்னிக் முடித்த கையோடு பம்புசெட் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அவனுக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பெரிய பேத்தி காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். எங்கள் தெருவில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் அவள்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், இதுவரை யாரும் மறுக்கவில்லை. சின்னவன் பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கினான். அந்த மூன்று எண்களையும் நானே படித்தேன். ஐந்தாவதோடு நின்றவளுக்கு அதற்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. கடைக்குட்டிப் பேத்தி போன வாரம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடி முதல் பரிசு வாங்கினாள்.

அங்கேதான் என் பெருமை நின்றுபோனது. பரிசுக் கோப்பையோடு வீட்டுக்குள் ஓடி வந்தவள், வாடகைக்கு எடுத்த ஆட்ட நகைச் செட்டைக் கழற்றினாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம். வேர்வையில் இறங்கி நெஞ்சுவரை கோடு கோடாக ஓடியிருந்தது. "சாயப் பாசிங்க அத்தை. தேங்காயெண்ணெய் தொட்டுத் தொடச்சாப் போயிரும்" என்று மருமகள் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டாள். வெள்ளைத் துண்டு சிவந்தது. எண்ணெயும் சாயமும் கலந்த அந்த வாடை வந்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சந்தோசத்தில் தலை சுற்றிவிட்டது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

உன்னிடம் நான் முதலில் வந்தது, அறுந்துபோன ஒரு முத்துமாலையோடு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. துடியலூர் ரோட்டோரத்துக் காட்டை மகன்கள் விற்றுவிட்டிருந்தார்கள். எனக்குக் காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நீ பள்ளத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு அறை ஓட்டு வீட்டில், டவுன் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மாலையும் தோடும் கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். எங்கள் காட்டில் களையெடுத்தவளின் மகள் நீ. நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஆனாலும் நீ என்னை அம்மணி என்று கூப்பிட்டு வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டாய். நான் உனக்கு ஒருநாளும் போட்டதில்லை.

அறுந்த மாலையைப் பார்த்துவிட்டு, "மணிக்கு மணி முடிச்சுப் போடாம வுட்டுட்டாங்க. அதான் ஒண்ணு அறுந்ததும் எல்லாம் ஓடிப்போச்சுங்க" என்றாய். உனக்கு அந்த முடிச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சின்ன வயதில் மாதா கோயிலில் ஜெபமாலை அறுந்தால் சிஸ்டர்மார் உன்னிடம்தான் கொடுப்பார்களாம். "பத்துப் பத்து மணியா அஞ்சு கோர்வை முடிச்சுப் போட்டுப் பழகுன கைங்க. சாமிக்குக் கோர்த்தது இப்பச் சம்பந்திமாருக்கு ஆவுது" என்று சிரித்தாய். அன்றைக்கு உட்கார்ந்தவள் அடுத்த நாளும் வந்தேன். அப்புறம் தினமும் வந்தேன்.

தண்ணீர் மட்டும் என் வீட்டிலிருந்து சொம்பில் கொண்டு வந்தேன். ஆறு மாதம் அப்படித்தான். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொம்பு மண் தரையில் சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு சின்ன மணையை எடுத்துப் போட்டாய். ஏழாம் மாதம் ஒரு வெயிலில் என் சொம்பு காலியானது. உன் குடத்திலிருந்து மொண்டு குடித்தேன். நீ கையிலிருந்த கோர்வையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

பாசியை எப்படிப் பார்ப்பது என்று நீ காட்டியதெல்லாம் இன்னும் என் விரலில் இருக்கிறது. கண்ணாடிப் பாசியை உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். மெழுகு அடைத்த முத்தை வெயிலில் வைக்கக் கூடாது. கண்ணாடியிலேயே நிறம் இருப்பது ஒரு சாதி, துளைக்குள் மட்டும் நிறம் பூசியது இன்னொன்று, மேலே சாயம் முக்கியது மூன்றாவது. கடைக்காரர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். நைலான் நரம்பில் கடைசி முடிச்சைப் போட்டு ஊதுபத்தி நெருப்பால் ஒரு தொடு தொட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். நான் தொட்டால் பாதி நரம்பே கருகும். "அம்மணி, முடிச்சுக்குச் சூடு வைக்கச் சொன்னா கொள்ளி வைக்கறீங்களே" என்பாய்.

எல்லாவற்றையும்விட உப்புத் தண்ணீர். எந்தக் கடைப் பாசி வந்தாலும் ஒரு கைப்பிடியை உப்புக் கரைத்த கிண்ணத்தில் ஒரு நாள் முழுக்கப் போடுவாய். வேர்வைக்குப் பதில் அது. மறுநாள் வெள்ளை மல் துணியில் வைத்து அழுத்தித் தேய்ப்பாய். துணி வெள்ளையாகவே இருந்தால்தான் அந்தப் பாசி டப்பாவுக்குள் போகும். சோதித்த டப்பாவின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும், சோதிக்காததில் இருக்காது. "கண்ணு பொய் சொல்லுமுங்க, உப்புச் சொல்லாது" என்பாய். உன் கைமாலை சாயம் போகாது என்று டவுன் வரைக்கும் பேர் இருந்தது. அந்தப் பேரைத் தவிர உனக்கென்று வேறு சொத்து இல்லை.

காரமடையிலிருந்து என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை, தன் மகளின் கல்யாண வரவேற்புக்கு ஒரு செட் கேட்டாள். என் மூலமாகத்தான் கேட்டாள். சந்தன நிறப் பட்டுக்கு மூன்று வரிச் சிவப்புப் பாசி, நடுநடுவே முத்து. நீ கோர்த்தும் முடித்தாய். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, இன்னும் ஒரு சாண் நீளம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். பாசி போதவில்லை. உனக்கோ அன்றைக்கு வெள்ளகோவிலுக்குப் போக வேண்டும், மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். டப்பாவையெல்லாம் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாய். "அதே பாசி வாங்கியாந்து உப்புல போட்டுருங்க அம்மணி. நாளைக்குப் பொழுதோட வந்து கோர்த்துப்போடறேன். வெசனப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய்.

டவுனுக்குப் போய் வாங்கி வந்தேன். கிண்ணத்தில் உப்புக் கரைத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் பத்திரிகைக் கட்டோடு உள்ளே வந்தாள். என்ன செய்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"என்னங்க நங்கையா," என்றாள், அண்ணன் மனைவியை அவள் கூப்பிடும் முறை அது, "அவ சொன்ன வேலையெல்லாம் நீங்க செய்யறீங்களாட்ட? அவ ஆத்தா நம்ம காட்டுல குனிஞ்சா. இப்ப நீங்க அவளுக்குக் குனியறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "எனக்குத் தெரியாத பாசியா? பார்த்தாலே சொல்லிருவேன்" என்றேன். அவள் பார்க்கும்படியாக, பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைத் துணி கட்டிய டப்பாவில் அப்படியே கொட்டிவிட்டேன். உப்புத் தண்ணீரை வாசலில் ஊற்றினேன்.

அவள் போன பிறகு டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒரே சிவப்பு. எது பழசு எது புதுசு என்று பிரிக்க முடியவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம். மொத்தத்தையும் ஊறப்போட ஒரு நாள் இன்னும் மிச்சம் இருந்தது. மறுநாள் பொழுது சாய நீ வந்தாய், ஞானஸ்நானத்து மிட்டாய் கொண்டு வந்தாய். ஊசியில் நரம்பைக் கோர்த்துக்கொண்டே, "ஊறப்போட்டீங்களா அம்மணி?" என்றாய்.

"ம்" என்றேன்.

நீ துணியை அவிழ்த்து, உடனே கோர்க்க ஆரம்பித்தாய்.

வரவேற்பில் மண்டபம் நிறைய ஒறம்பரை, இரண்டு பக்கத்துச் சொந்தபந்தமும். கரண்ட் போய் மின்விசிறி நின்றது. பெண்ணுக்கு வேர்த்தது. மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, "ஏம்புள்ள, பொண்ணு கழுத்துல என்னது, ரத்தமாட்ட?" என்று சத்தமாகக் கேட்டாள். சந்தனப் பட்டின் மார்பில் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. சகுனம், சகுனம் என்று வரிசை வரிசையாகப் பேச்சு போனது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நாத்தனார் உன் வாசலுக்கு வந்து கத்தினாள். பின்னாலேயே நானும் வந்து நின்றேன். "நல்ல நாள்ல எம்பொண்ணு கழுத்துல ரத்தம் வடிய வெச்சுட்டியே! களையெடுக்கறவ கையில நகை குடுத்தா இப்படித்தான் ஆவும்" என்றாள். தெருவே வெளியே வந்து நின்றது. நீ அந்த மாலையைக் கையில் வாங்கி, ஒரு பாசியை எச்சில் தொட்டு முந்தானையில் தேய்த்தாய். முந்தானை சிவந்தது. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது, நான் குனிந்துவிட்டேன்.

"என் கைத் தப்புங்க" என்றாய். "சோதிக்காமக் கோர்த்துப்போட்டேனுங்க. மன்னிச்சுக்கோங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை. அப்புறம் கல்யாண வீட்டு வேலை ஒன்றும் உன்னிடம் வரவில்லை. டவுன் கடைக்காரரும் ஆளை மாற்றிக்கொண்டார். நானும் வருவதை நிறுத்திக்கொண்டேன். கேட்டவர்களிடம் மூட்டு வலி என்றேன். ஒரு வருடத்தில் நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் போய்விட்டாய். போகிற அன்றைக்கு என் வாசலில் நின்று, "போய்ட்டு வாரேனுங்க அம்மணி. ஊதுபத்தியைப் பதனமாத் தொடுங்க" என்றாய். ஏன் என்று என்னைக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், பொய் சொல்லியிருப்பேன், அல்லது அழுதிருப்பேன். எதற்கும் நீ வழி விடவில்லை.

உன் சாவுக்கு வெள்ளகோவில் வந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளும் பாசி கோர்க்கிறாளாம். "கடைசி வரைக்கும் அம்மா அதையே சொல்லிட்டு இருந்தாங்க பெரியம்மா. 'நான் ஒருக்கா உப்புல போடாம வுட்டு எம்பேரைக் கெடுத்துக்கிட்டேன், நீ வுட்டுராத கண்ணு' அப்படீன்னு" என்றாள். உன் மகள் உன்னை அஜாக்கிரதைக்காரி என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். என் தப்பை உன் தலையில் போட்டுக்கொண்டது போதாமல், அதை வைத்தே அவளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "உங்கம்மா நல்லவ கண்ணு" என்று மட்டும் சொன்னேன். நல்லவள் என்று யாரைத்தான் சொல்ல மாட்டார்கள்.

பேத்தியின் கழுத்தைப் பார்த்த மறுநாள் காரமடைக்குப் போனேன். நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொட்டலத்தைக் கொட்டியது, 'ம்' என்றது, ஒன்று விடாமல். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியுமுங்க நங்கையா. நீங்க கொட்டுனதை நானுந்தானே பார்த்துட்டு இருந்தேன்."

"தெரிஞ்சுமா அவ ஊட்டு வாசல்ல போய்க் கத்துன?"

"அப்புறம்? உங்களையா திட்ட முடியும்? திட்டறதுக்கு அவதான் இருந்தா" என்றாள். "வுடுங்க. போனவ போய்ட்டா. காப்பி குடிக்கறீங்களா?"

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. உனக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும். தெரியாத ஒருத்தி உன் மகள்தான். அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதே இதை எழுதுவது என்று தீர்மானித்தேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் கவரின் மேல் உன் மகளின் பேரைத்தான் எழுதப்போகிறேன். இங்கே எனக்கு வரும் மரியாதையெல்லாம் பிள்ளைகளால் வருவது. இதைப் படித்த பிறகு அவளிடமிருந்து மட்டும் அது வராது. வரவும் வேண்டாம்.

கண்ணு, இதை நீதான் படித்துக்கொண்டிருப்பாய். உங்கம்மா தெரிந்து ஒரு பாசியைக்கூடச் சோதிக்காமல் கோர்த்ததில்லை. கெடுத்தது நான். என்னை நீ மன்னிக்க வேண்டாம், பதில் எழுதவும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ உட்கார்ந்து பாசி கோர்க்கிற மாதிரி புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. என் பேரப்பிள்ளைகள் படத்துக்கு நடுவில் மாட்டப்போகிறேன். என் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்து இது யாரு என்று கேட்காமல் போக மாட்டார்கள். ஒவ்வொருத்தர் கேட்கும்போதும் நீ யார் மகள் என்று நான் சொல்லியாக வேண்டும், உங்கம்மாவுக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.