‘வரவும்’ என்று எழுதிய சுவர்

காற்றோடு மல்லுக்கு நின்றே காலம் கழித்த என் சேசு அண்ணனுக்கு,

நலமா என்று உன்னிடம் கேட்பதற்கில்லை. ஆனால் கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வரவில்லை. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்த கை. அதனால் கேட்டதாக வைத்துக்கொள்.

நம் கால்பந்து டீமின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி நாலு வரி வேண்டும் என்று ரபீக் கேட்டான். உத்தமபாளையத்திலிருந்து விடிவதற்குள் பைக்கில் வந்து நிற்பானே, நீ கேப்டன் ஆக்கிய அதே ரபீக்தான். எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் அடங்கவில்லை. உன் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்ததால் ஆல்வினிடம் கேட்டுக்கொண்டேன். “எழுதுங்க அத்த, ஊருக்கே தெரிஞ்சதுதான” என்றான். ஆகவே மலரைப் படிக்கிறவர்களும் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீ அவர்களைக் கண்டுகொள்ளாதே.

இங்கே காற்று தொடங்கிவிட்டது. ஆனி பிறந்த மூன்றாம் நாளே குமுளி மலையை விட்டு இறங்கிவிட்டது. திராட்சைப் பந்தல் கம்பிகள் பகலெல்லாம் ஊளையிடுகின்றன. மதினி கொடியில் போட்ட போர்வை வாய்க்காலைத் தாண்டிப் போய்க் கிடந்தது.

மற்ற ஊர் டீம்கள் இந்த இரண்டு மாதமும் பந்தை மூட்டை கட்டி வைத்துவிடும். இந்தக் காற்றில் யார் மேட்ச் நடத்துவார்கள்? நீதான் யாருக்கும் இல்லாத வழக்கமாகக் காற்றுக்காலப் பயிற்சி என்று ஒன்றைக் கொண்டுவந்தாய். “இந்தக் காத்துல பந்தச் சொன்ன எடத்துக்கு அனுப்பிட்டா, மத்த மாசமெல்லாம் நமக்கு லேசு பாப்பா” என்பாய். எட்டு மணிக்கு மின்வாரிய லயன்மேன் வேலைக்குப் போக வேண்டியவன் ஐந்து மணிக்கே மைதானத்தில் நிற்பாய். “ஒங்கண்ணனுக்குக் கரண்டு போஸ்டு, இல்லேன்னா கோல் போஸ்டு. வீட்டு வாசல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது” என்று மதினி அலுத்துக்கொள்வார். இப்போது அப்படி அலுத்துக்கொள்ள அவருக்கு யார் இருக்கிறார்கள்?

கார்த்திகையில் நீ போனாய். நீ இல்லாமல் வந்த முதல் காற்றுக்காலம் இது. இந்த முறை உன் பெயரிலேயே பயிற்சியை நடத்த வேண்டும் என்று பையன்கள் முடிவு செய்தார்கள். மைதானத்து மோட்டார் ரூம் சுவரில் நீ நீலப் பெயிண்டில் எழுதியது அப்படியே இருக்கிறது: ‘காற்றுக்காலப் பயிற்சி. காலை 5 மணி. விருப்பமுள்ளவர்கள் வரவும்.’ அதற்கு மேலே ஆணி அடித்து உன் போட்டோவை மாட்டினார்கள். முதல் நாள் பதினேழு பேர் வந்தார்கள்.

ஆல்வின் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. போன வருடம் மலைக்கு அந்தப் பக்கம் போய், கார்னரிலிருந்து நேரே வலைக்குள் வளைத்து அடித்து, பார்த்துக்கொண்டிருந்தவர்களை “ஆரா மோனே அது” என்று மலையாளத்தில் கேட்க வைத்த நம் பத்தாம் நம்பர், அப்பா பெயரில் நடக்கிற பயிற்சிக்கு வரவில்லை. டீக்கடையில் பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். “ஸ்டாருல்ல, நம்மளோட சேந்து ஓடுவாரா” என்றார்கள். “அப்பன் போயி வருசம் திரும்பல, அதுக்குள்ள மறந்துட்டான்” என்றும் சொன்னார்கள். நான் பால் வாங்க நிற்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னார்கள்.

வியாழக்கிழமை ரபீக் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். “டீச்சர், பயலுக வெறுப்பா இருக்கானுக. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கூடுறோம். சனிக்கெழமைக்குள்ள ஆல்வின் வரலேன்னா பத்தாம் நம்பர வேற ஆளுக்குக் குடுக்கணும்னு சொல்றானுக. எனக்குச் சங்கடமா இருக்கு. நீங்க சொன்னா கேப்பாப்ல.”

அந்தப் பத்தாம் நம்பர் பனியனைப் பறித்தால் ஆல்வின் அதன்பிறகு மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டான். அவன் பிடிவாதம் யார் வீட்டுப் பிடிவாதம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். சின்னமனூர் செல்போன் கடை வேலை முடிந்து அவன் அப்போதுதான் வந்திருந்தான். மதினி டீயைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். காது மட்டும் கூடத்தில்தான் இருந்தது.

“காலையில எந்திரிக்க முடியலையாப்பா?” என்றேன்.

“நாலரைக்கே முழிச்சிருவேன் அத்த. அலாரமே வேணாம்.”

“அப்புறம் என்ன செய்யுற?”

“படுத்துக் கெடக்கப் பழகுறேன்.”

கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தில் கேலி இல்லை. “விசில் சத்தம் கேக்கும். கால் தானா கட்டில விட்டு எறங்கும். தூக்கி மேல வச்சுக்குவேன்” என்றான்.

“ஏம்ப்பா? யாரு மேலயும் கோவமா?”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். “சொவத்துல என்ன அத்த எழுதியிருக்கு? விருப்பமுள்ளவர்கள். எல்லாரையும் அப்பா அப்படித்தான் கூப்பிட்டாக. எவனாச்சும் வரலேன்னா, அவனுக்கு வீட்ல சோலி இருக்கும்னு விட்ருவாக. எனக்கு ஆறு வயசுலருந்து விருப்பம் இருக்கான்னு ஒரு நா கேட்டதில்ல. நான் நல்லா ஆடுறேன், அது எனக்கே தெரியும். புடிச்சு ஆடுறேனா, எழுப்பிவிட்டாகன்னு ஆடுறேனா? அது தெரியல. இந்த வருசந்தான் எழுப்ப ஆளில்ல. அதான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

எழுப்ப ஆளில்லை என்று அவன் சொன்னதும் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. என் டீ ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தேன்.

எழுப்பிய ஆள் நான்தானே அண்ணே. நீ சுண்ணாம்புக்கோடு போட முன்னாலேயே போய்விடுவாய். “பாப்பா, அவன எழுப்பி அனுப்பு” என்று என் வாசலில் சொல்லிவிட்டுப் போவாய். பக்கத்து வீட்டிலிருந்து வந்து அவன் ஜன்னலைத் தட்டியது இந்தக் கைதான். பன்னிரண்டு வயதில் ஒருநாள் வயிறு வலிக்கிறது என்றான். வகுப்பில் எத்தனையோ வயிற்றுவலி பார்த்தவள் நான், பொய் என்று முகத்திலேயே கண்டுபிடித்து அனுப்பிவைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு பிள்ளை எதற்காகப் பொய் சொல்கிறான் என்று அன்றைக்கு ஏன் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை?

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. மகனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒரு வாய் பேசிவிடக்கூடாது என்பதுதான் உன் பயம். அதனால் மற்றவர்களெல்லாம் போன பிறகும் அவனை நிறுத்தி, அந்தக் காற்றில் ஐம்பது கார்னர் அடிக்க வைத்தாய். நீயே ஓடி ஓடி, மைதானத்தை ஒட்டிய திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து, பந்தை எடுத்துக் கொடுத்தாய். அடித்த அவன் கால் வலித்த மாதிரியே பொறுக்கிய உன் முதுகும் வலித்திருக்கும். ஆசையில்லாமல் ஒருவன் அப்படிக் குனிவானா? ஆனால் ஆசை உன்னுடையதாக இருந்தது அண்ணே. அவனுடையது எங்கே என்று நாம் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே மைதானத்துக்குப் போய் அந்தச் சுவரைப் படித்தேன். அதை நான் எத்தனை முறை படித்திருப்பேன்? முதல்முதல் நீ எழுதியபோது என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டினாய். ‘பயிற்ச்சி’ என்று வேண்டாத ச் ஒன்று போட்டிருந்தாய். ‘காற்றுகால’ என்று வேண்டிய க்-ஐ விட்டிருந்தாய். இரண்டையும் திருத்திவிட்டு, சரி என்று சொல்லிவிட்டேன். விருப்பமுள்ளவர்கள் ‘வரவும்’ என்று இருந்தது என் கண்ணில் படவே இல்லை. விருப்பம் என்று சொன்ன பிறகு ‘வரவும்’ எதற்கு? ‘வரலாம்’ என்றல்லவா இருக்க வேண்டும்?

வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று நான்கு பொருள் உண்டு என வருடா வருடம் வகுப்பில் நடத்துகிறேன். இந்த ‘வரவும்’ பழைய இலக்கணப்படி அந்தக் கணக்கில் சேராது. ஆனாலும் அது செய்கிற வேலை அதுதான். நீ வேண்டல் என்று நினைத்து எழுதினாய். ஊரும் அப்படித்தான் படித்தது. உன் மகன் ஒருவனுக்கு மட்டும் அது விதித்தலாக இருந்தது. ஒற்றுப்பிழை பார்த்த டீச்சர் அதைப் பார்க்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் மைதானத்தில் கூடினார்கள். ரபீக்கைச் சுவரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். “ஞாயித்துக்கெழமையும் தமிழ் வகுப்பா டீச்சர்?” என்று கோல் கீப்பர் தங்கராசு முனகினான். பிழை என்னுடையது என்று சொன்னேன். விருப்பம் என்று எழுதிவிட்டு, வராதவனுக்குத் தண்டனை கொடுத்தால் அதற்குப் பேர் விருப்பமா என்று கேட்டேன்.

“அப்ப அஞ்சு மணிக்கு வர்ற நாங்கல்லாம் கேனப்பயலுகளா?” என்றான் தங்கராசு. நியாயமான கேள்வி.

“நீ ஏன்ப்பா வார?” என்றேன்.

அவன் யோசித்தான். “காத்துல வர்ற பந்தப் புடிக்கிறது நல்லா இருக்கு டீச்சர். எங்கன திரும்பும்னே தெரியாது” என்றான். பிறகு, “வீட்ல இருந்தா எங்கம்மா தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லுவா” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

“நல்லா இருக்குன்னு சொன்னேல்ல, அதத்தான் ஆல்வினும் தேடிக்கிட்டிருக்கான். தேடட்டும்” என்றேன்.

ரபீக் முடிவைச் சொன்னான். “சீசன் தொடங்குற வரைக்கும் பத்தாம் நம்பரு ஆணியில தொங்கட்டும். யாரும் தொடவேணாம்.” கப்பு போனால் டீச்சர்தான் பொறுப்பு என்று தங்கராசு சொன்னான். பொறுப்பு என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே சுவரைத் திருத்தினேன். யோசித்துப் பார், ஓர் எழுத்துதான். ‘வு’ போய் ‘லா’ வந்தால் போதும். உன் பரணில் இருந்த நீலப் பெயிண்ட் கட்டியாகிவிட்டது. கடையில் வாங்கியது கொஞ்சம் வெளுத்த நீலம். காற்று பிரஷ்ஷைப் பிடித்து இழுத்தது, எழுத்து சாய்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு, பள்ளிக்கூடம் போகிற வழியில் பந்து அறையைப் பூட்டப் போனேன். பையன்களெல்லாம் போய்விட்டிருந்தார்கள். சுவருக்கு முன்னால் ஆல்வின் நின்றுகொண்டிருந்தான். வேலைக்குப் போகிற சட்டையும் செருப்புமாக நின்றான்.

“லா கோணலா இருக்கு அத்த” என்றான்.

“காத்து” என்றேன்.

“பிள்ளைக எழுதுனா அடிப்பீக. நீங்க எழுதுனா காத்தா?” என்று சிரித்தான். கார்த்திகைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

காலையில் தொலைந்த பந்து ஒன்று பந்தலுக்கு அடியில் கிடந்தது. குனிந்து போய், நீ எடுப்பாயே அதே மாதிரி முதுகை வளைத்து, எடுத்துக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். காலால் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

இன்றுவரை அவன் பயிற்சிக்கு வரவில்லை. சீசன் தொடங்க இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. வருவானா என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. உனக்கு இது பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். கோபம் வந்தால் என்மேல் காட்டு, அவனை விட்டுவிடு. அவன் கால் நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறான். அம்மாவிடம் பேசுகிறான். இதையும் நீ கேட்க விரும்புவாய்தானே?

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி அந்த ஜன்னலை நான் தட்டமாட்டேன், யாரையும் தட்ட விடமாட்டேன். அவன் மைதானத்துக்கு வந்தால் கல்லறைக்கு வந்து உன்னிடம் சொல்வேன். வராவிட்டாலும் வந்து சொல்வேன். இரண்டையும் ஒரே குரலில் சொல்வேன்.

காலையில் ரபீக் விசில் ஊதும்போது சுண்ணாம்புக்கோட்டுப் பக்கம் கண் தானாகப் போகிறது. எழுந்து வா என்று உன்னைக் கூப்பிட வாய் வந்துவிடுகிறது அண்ணே. அடக்கிக்கொள்கிறேன். ஐந்து மணிக்குத்தான் தொடங்குகிறோம். விருப்பமிருந்தால் நீயும் வரலாம்.

ஒற்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைக் கோட்டைவிட்ட
உன் தங்கச்சி,
பாப்பா என்கிற மரிய செல்வி