வால்வில் வைத்த பொட்டு

மச்சான்,

உன் வீட்டுக்காரி நேற்று மத்தியான பஸ்ஸில் ஒரு சாக்குப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். பிரித்தால் உன் வால்வு அமுக்கி, இன்ஜின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற அதே இரும்பு. மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்த மனுஷன் மேல் கோபப்படக் கூடாதென்பார்கள். நான் படுவேன். நீ செய்துவிட்டுப் போன காரியம் அப்படி.

பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர்கள் கம்பளியும் டிரங்குப் பெட்டியும் கொண்டுவந்தார்கள். நீ இந்த வளைந்த இரும்பைக் கொண்டுவந்தாய். அப்புறம் புதுக்கோட்டையில் பஸ் டிரைவர் ஆனாய். நானோ குடுமியான்மலைப் பக்கத்திலேயே முதல் ஆயில் இன்ஜினைக் கிணற்றடியில் இறக்கியவன். இரண்டாவது என்று சிலர் சொல்வார்கள், வயிற்றெரிச்சல். அது ஓடினால் திருச்சி வரைக்கும் கேட்கும் என்று நான் சொன்னபோது நீ மட்டும், "காத்து அடிக்கிற பக்கத்தப் பொறுத்து மாப்ள" என்றாய்.

அந்த இன்ஜின் நவராத்திரி நேரத்தில் படுத்துவிட்டது. நட்டுப் பதினைந்து நாளான நடவு. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே அழுத்தம் நிற்காமல் புஸ்ஸென்று போகிறது. வால்வுதான் என்று கண்டுபிடித்தது நான். ஸ்பிரிங்கைக் கடப்பாரையால் அமுக்கிக் கழற்றப் பார்த்தேன். ஸ்பிரிங் உதைத்த உதையில் கடப்பாரை துள்ளிப் புளியமரத்துக்கு மேலே பறந்து பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் விழுந்தது. நெற்றியில் பட்டிருந்தால் இந்த மடலை நீதான் எனக்கு எழுதியிருப்பாய்.

சனிக்கிழமை காலையில் நீ லீவு போட்டு உன் ஊர் ஆவூரிலிருந்து வந்தாய். வால்வு உட்கார்ந்திருக்கும் இன்ஜின் தலையைக் கழற்றி என் வாசலுக்குத் தூக்கிவந்து கவிழ்த்த உரலின் மேல் வைத்தோம். "மொதல்ல கோழியெல்லாம் புடிச்சுக் கூடையில கவுத்து மாப்ள. வால்வுப் பூட்டு நகத்தளவுதான் இருக்கும். கீழ விழுந்தா முழுங்கிரும்" என்றாய். இந்த அமுக்கியை மாட்டித் திருகினாய். என்னைக் கொல்லப் பார்த்த ஸ்பிரிங் பூனைக்குட்டி மாதிரி அடங்கிக் குனிந்தது. இரண்டு பூட்டுகளையும் விரல் நுனியில் எடுத்தாய். காற்று கசியாமல் பொருந்தி உட்காருவதற்காக வால்வின் விளிம்பில் அரைப்பசை தடவி, மோர் கடைகிற மாதிரி இரண்டு கைக்கும் நடுவே உருட்டி உருட்டித் தேய்த்தாய். சாயங்காலம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

அன்றைக்கு ஆயுத பூசை. அரிவாள், மண்வெட்டி, கொழுவோடு வால்வையும் அமுக்கியையும் பூசையில் வைப்பேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். நீ சிரித்தாய். "வச்சுக்க மாப்ள. ஒங்க சாமியும் எனக்கு வேண்டியவருதான். காலையில மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்து பூட்டுறேன். அதுவரைக்கும் தொடாத."

தொட்டேன். பளபளவென்று மோதிரம் மாதிரி நீ தேய்த்து வைத்திருந்த விளிம்பிலேயே தாராளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். பொட்டு வைக்க அதைவிட அழகான இடம் எது? ராத்திரியில் அது காய்ந்து காரையாகிவிட்டது. விடிந்ததும் உனக்காகக் காத்திராமல் நானே அமுக்கியை மாட்டி வால்வைப் பூட்டி, இன்ஜினில் தலையை ஏற்றி, மாலை போட்டு ஊரைக் கூப்பிட்டேன்.

கைப்பிடி கிணற்று ராட்டினம் போலச் சும்மா சுற்றியது. டீக்கடைக்காரன், "என்ன சித்தப்பா, பூசை முடிஞ்சும் இன்ஜினுக்கு லீவா?" என்றான். பன்னிரண்டு ஊர்ச் சனம் சிரித்தது. சரி, ஒரு ஊர்ச் சனம்.

அப்போதுதான் நீ வெள்ளைச் சட்டையோடு வந்து சேர்ந்தாய். சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையை இறக்கினாய், வால்வைக் கழற்றினாய். விளிம்பில் காய்ந்திருந்த சிவப்பை முதுகால் மறைத்துக்கொண்டு பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்: "எந் தப்புங்க. அவசரத்துல அரகொறையாத் தேய்ச்சுட்டேன். மாப்ள பூட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல."

நான் என்ன சொன்னேன்? "அப்பவே நெனைச்சேன்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

இன்ஜின் ஓடியது, பயிர் பிழைத்தது. ஆனால் உனக்கு "அரைகுறை டிரைவர்" என்ற பேர் விழுந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு ஊர் ஊராக இன்ஜின் வேலை பார்க்கலாம் என்றிருந்தாயே, அடுத்தடுத்து இங்கே வந்த இன்ஜின்களுக்கு ஒருவன் உன்னைக் கூப்பிட்டானா? டவுனிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். நெஞ்சுவலி வந்து விழுகிற வரைக்கும் நீ அந்த ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டிருந்தாய். நான் கல்யாணப் பந்தியெல்லாம் உட்கார்ந்து, நீ கெடுத்ததை நான் சரி செய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன்னை யார் கேட்டது மச்சான்? "முட்டாப் பயலே, வால்வுல எவனாவது பொட்டு வைப்பானா?" என்று ஒரு அதட்டு அதட்டியிருந்தால் ஊர் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஒருமுறை பஸ்ஸில் உன் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். ரோட்டைப் பார்த்தபடி, "நீ அந்த ஊர்லயே நடமாடணும் மாப்ள. நான் வண்டிய எடுத்துட்டு வந்துருவேன்" என்றாய். பெரிய தர்மவான்! என் தப்பைச் சுமக்க உனக்கு என்ன உரிமை? அது என் சொத்து.

இன்று காலை பொறுக்கமுடியாமல் டீக்கடைக்குப் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பொட்டு வைத்தவன் நான், வாய் பொத்தி நின்றவனும் நான், அந்த மனுஷன் தேய்த்ததில் ஒரு குறையும் இல்லை என்றேன்.

கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஒடம்பு சரியில்லையா சித்தப்பா? கதை இம்புட்டுச் சுருக்கமா இருக்கு?"

பெஞ்சில் இருந்த இன்னொருத்தன், "செத்தவருக்காக இட்டுக்கட்டுறாரு. நல்ல மனசு" என்றான். தரையில் அடித்துச் சத்தியம் செய்தேன். "சத்தியம் வேறயா!" என்று அதற்கும் சிரித்தார்கள். ஆத்திரத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். இத்தனை வருஷம் நான் அளந்ததையெல்லாம் தலையாட்டிக் கேட்ட பயல்கள்!

விடமாட்டேன். நாளைக்கும் போவேன், அவர்கள் நம்புகிற வரைக்கும் போவேன். ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்வேன். அதுதான் மச்சான், என்னால் முடியாமல் இருக்கிறது.