நாளெ பா

மாரண்டஹள்ளி
11.5.2025

அன்புள்ள பாரதிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பதாக உன் அம்மா சந்தையில் சொன்னார்கள். கூட்டாளி எப்படி இருக்கிறாள் என்பதை நான் தக்காளி பேரம் பேசுகிற இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நன்றாக இருக்கிறதடி நம் சிநேகிதம்.

மாசி மாதச் சண்டைக்குப் பிறகு, போனில் வேலை மட்டும், மனசில் இருப்பதெல்லாம் காகிதத்தில் என்று பேசி வைத்துக்கொண்டது நல்லதுதான். போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். மெயிலில் எழுதினாலோ நம் மென்பொருளே முதலில் படிக்கும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அடுத்துப் படிப்பார்கள். ஊரார் வலைக்கெல்லாம் காவல் போடுகிற நாம் தபால்பெட்டியைத் தேடி நடக்கிறோம், பார்.

இங்கே எல்லாம் வளர்கிறது. வாடிக்கையாளர்களாக மில்கள், ஆஸ்பத்திரிகள், இப்போது ஒரு கூட்டுறவு வங்கியும் வந்துவிட்டது. எதிர்த்த கட்டடம் முழுக்க நம் ஆட்கள். நான் மட்டும் மாரப்பன் அண்ணனின் தக்காளி மண்டிக்கு மேலே, நாம் ஒரே மேசையில் ஆரம்பித்த பழைய அறையை விடவில்லை. நாளைக்கு வா என்று கன்னடத்தில் அவர் கதவில் சாக்பீஸால் எழுதிய 'நாளெ பா' இன்னும் இருக்கிறது. வாசலுக்கு வரும் பேய் அதைப் படித்துவிட்டு, சரி, நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போகும் என்றார். கன்னடம் படிக்கத் தெரியாத பேய் வந்தால் என்ன செய்வது என்று நீ கேட்டாய். அந்தச் சிரிப்பில்தான் நம் மென்பொருளே பிறந்தது. தெரியாத இடத்திலிருந்து எது வந்து தட்டினாலும் 'நாளெ பா' என்று சொல்லித் திருப்பி அனுப்பும். திருட்டுப்பயல் ஊர்ப்பட்ட கதவைத் தட்டுகிறவன், அதே கதவுக்குத் திரும்ப வரமாட்டான். நிஜமாக வேலை இருப்பவன் கொஞ்ச நேரம் கழித்து வருவான், அவனுக்குத் திறக்கும். போன வாரம் சென்னை வாடிக்கையாளர் ஒருவர், நாளெபா என்பது ஜப்பான் பெயரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது. உன் பெங்களூரு ஆபீசிலிருந்து வந்த இரண்டு பேர் எனக்கு 'டெலிவரி தலைவர்' என்று பதவி கொடுத்துவிட்டுப் போனார்கள். மாரப்பன் அண்ணன் கேட்டுவிட்டு, "டெலிவரி பாக்கறதுக்குத்தான் ஆஸ்பத்திரில நர்சம்மா இருக்காங்களே, உனக்கு எதுக்கும்மா அந்த வேல?" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? வந்தவர்கள் போகும்போது மேசைகளை எல்லாம் எண்ணிக்கொண்டு போனார்கள். எதற்கு? ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவள் நீ எப்போது திரும்பி வருகிறாய்?

என் பிறந்தநாள் வருகிறது. வழக்கம்போல நீ சுடிதார் எடுப்பதாக இருந்தால் ஒரு சுற்றுப் பெரிதாக எடு. போன வருஷத்தது தோளில் பிடிக்கிறது.

உன்
எழில்

---

பெங்களூரு
2.6.2025

எழிலு,

கோபித்துக்கொள்ளாதே, எழுதத் தாமதமாகிவிட்டது. காலையில் உட்கார்ந்தால் கூட்டம், கூட்டம், கூட்டம். புது வாடிக்கையாளர்கள் உங்கள் தலைமையிடம் எங்கே என்கிறார்கள். மாரண்டஹள்ளி என்றால் போனை எடுத்து மேப்பில் தேடுகிறார்கள். நான் சிரித்துக்கொண்டே காத்திருக்கிறேன். கம்பெனி வளர்கிறது வளர்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் வளர்கிறேனா தேய்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. இங்கே சத்தம் போட்டுச் சண்டை போட ஓர் ஆள் இல்லை, தெரியுமா?

நீ ஊர்க்கதை எல்லாம் எழுதினாய். நான் அனுப்பியதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. இத்தனை நாளில் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டும் நீ பேசாமல் இருப்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. நான் எடுத்தது உனக்குப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. ரொம்ப யோசித்து, உனக்கும் சேர்த்துத்தான் எடுத்தேன். இப்போதைக்கு வேறு யாரிடமும் மூச்சு விடாதே.

உன் பதிலைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும்.

பாரதி

---

மாரண்டஹள்ளி
9.6.2025

அடி பைத்தியமே,

இதற்கா தூக்கம் கெட்டது? நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், எனக்குக் கொஞ்சம் இறுக்கம்தான். நான் அத்தனை சொல்லியும் இப்படிச் செய்துவிட்டாளே என்று முதலில் முகம் சுளித்தேன். அப்புறம் யோசித்தேன். அத்தனை வேலைக்கு நடுவில் என்னை நினைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்ததாச்சே. நீ எடுத்தது எதுவானாலும் எனக்குச் சம்மதம். திருப்பி அனுப்பச் சொல்லாதே, அனுப்பமாட்டேன்.

அம்மாவிடம் மட்டும் காட்டினேன். "பாரதி எடுத்தா நல்லாத்தான் இருக்கும். பழகப் பழகச் சரியாயிரும்" என்றார்கள்.

இங்கே தக்காளி விலை விழுந்துவிட்டது, மாரப்பன் அண்ணன் யாரோடும் பேசுவதில்லை. திரைக்கு முன்னால் உட்காருகிற நம் செல்லி போன மாதம் அந்தக் கூட்டுறவு வங்கிக்குள் நுழையப் பார்த்த ஒருத்தனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். வங்கி மேனேஜர் போன் பண்ணி, அவளோடு பேச வேண்டும் என்று அடம்பிடித்தார். இவள் வெட்கப்பட்டுக்கொண்டு போனை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

மேசைகளை எதற்கு எண்ணினார்கள் என்று நீ சொல்லவேயில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
எழில்

---

பெங்களூரு
23.6.2025

என் எழிலுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்து அழுதுவிட்டேன். இறுக்கம்தான், ஆனாலும் சம்மதம் என்று உன்னைத் தவிர யார் சொல்வார்கள்? உன் அம்மா சொன்ன 'பழகப் பழகச் சரியாயிரும்' என்பதை எழுதி என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அந்தத் தைரியத்தில் கனடாக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நம் கம்பெனி இனி அவர்களுடையது. நம் வாசல்காவல் நாலைந்து தேசத்தில் நிற்கப்போகிறது. பெயரை மட்டும் மாற்றுவார்களாம், அங்கே யாருக்கும் வாயில் நுழையாதாம். தை பிறப்பதற்குள் மாரண்டஹள்ளி ஆபீசை மூடிவிட்டு எல்லோரையும் இங்கே கொண்டுவர வேண்டும். வர முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பது அந்தக் காகிதங்களிலேயே இருக்கிறது, நீ படித்திருப்பாய்.

என் அறைக்குப் பக்கத்து அறை உனக்கு. ஜன்னலைத் திறந்தால் ஒரு வேப்பமரம் தெரியும். அதைப் பார்த்ததும் இது எழிலுக்கு என்று சொல்லிவிட்டேன். கையெழுத்து வாங்க வக்கீல் ஒருவர் அடுத்த வாரம் அங்கே வருவார். டீ வாங்கிக் கொடு, பாவம், வெயில் தாங்கமாட்டார்.

சந்தோஷத்தோடு,
பாரதி

---

மாரண்டஹள்ளி
30.6.2025

பாரதி,

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எந்தக் கனடா? எந்தக் காகிதம்?

நான் சம்மதம் சொன்னது சுடிதாருக்கு. பச்சைக் கலரில், கழுத்தில் கண்ணாடி வைத்துத் தைத்து, என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பினாயே, அந்தச் சுடிதாருக்கு. இறுக்கம் என்றது தோளில். பழகப் பழகச் சரியாகும் என்று அம்மா சொன்னது துணி விட்டுக்கொடுக்கும் என்பதை. நீ 'எடுத்தேன், எடுத்தேன்' என்று எழுதினாய். கடையில் எடுத்ததைச் சொல்கிறாய் என்று நினைத்தேன். முடிவு எடுத்ததை யாராவது அப்படி எழுதுவார்களா?

வக்கீல் வந்தார். மாரப்பன் அண்ணன் அவரைத் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், கையெழுத்துப் போடவில்லை. அவர் என்னைப் பைத்தியக்காரி போலப் பார்த்துவிட்டு, "பாரதி மேடம் நீங்க ஓகேன்னு சொல்லிட்டதா சொன்னாங்களே" என்றார். நான் என்ன சொல்ல, அது சுடிதார் சார் என்றா?

செல்லிக்கு இரண்டு வயசில் பெண் இருக்கிறாள். பஞ்சப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். அவளைப் பெங்களூருக்கு வா என்றால் எப்படி வருவாள்? இப்போதுதான் மேசைகளை எதற்கு எண்ணினார்கள் என்று தெரிகிறது.

கம்பெனி ஆளுக்குப் பாதி. அதைக்கூட விடு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலா பாரதி? எனக்கு வலிக்கிறது. எங்கே தப்பு நடந்தது என்று மட்டும் சொல், நான் என்ன நினைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

எழில்

---

பெங்களூரு
7.7.2025

எழிலரசிக்கு,

சுடிதாரா? அதை இங்கே வேலை செய்கிற பெண்ணிடம் வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்பினாளா என்றுகூட நான் கேட்கவில்லை.

கேட்காமல் செய்தேன் என்று சொல்லாதே. சித்திரையிலேயே கனடாக்காரர்களின் வக்கீல்கள் வழியாக எல்லாக் காகிதமும் உன் பெயருக்கு மெயிலில் அனுப்பினோம். அதோடு நானே நாலு வரியும் எழுதிச் சேர்த்தேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் இதை இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் எழுதினேன். நீ பார்க்கவில்லை என்றால் யார் நம்புவது? நம் வாசலில் ஓர் ஈ நுழைந்தாலும் உனக்குத் தெரியும்.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். துணிமணிக் கதை எதற்கு? நான் மனுஷர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். நீ அங்கே பத்திரமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

பாரதி

---

மாரண்டஹள்ளி
14.7.2025

அன்புள்ள பாரதிக்கு,

தேடிப் பார்த்தேன். நீ சொன்னது நிஜம். உன் மெயில் வந்திருக்கிறது.

ஆனால் வக்கீல்கள் பெயரில் வந்ததால் அது நம் வாசலுக்குத் தெரியாத ஆள். 'நாளெ பா' என்று சொல்லி அனுப்பிவிட்டது. அந்த வக்கீல்களின் இயந்திரத்துக்கு ஒரு தடவை தட்டத்தான் தெரியும் போலிருக்கிறது, திரும்ப வரவேயில்லை. வராததால் திருட்டுப்பயல் என்று முடிவு கட்டி, என் கண்ணில் காட்டாமலே தள்ளிவிட்டது. நீயும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த கதவு, உன் நாலு வரியைப் பேய் என்று நினைத்து விரட்டியிருக்கிறது. சிரித்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. செல்லி பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நான் பொய் சொல்லவில்லை என்று இப்போதாவது நம்புவாய். ஆனாலும் என் கோபம் போகவில்லை. இயந்திரத்துக்குத்தான் திரும்ப வரத் தெரியாது. உனக்குமா? அத்தனை பெரிய விஷயத்தில் என்னிடமிருந்து சத்தமே இல்லையே என்று நீ ஓசூரில் பஸ் மாறி வந்திருக்கலாம். வந்து, ஏண்டி வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய் என்று இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

கம்பெனியைக் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. நீ தனியாக எத்தனை சுமக்கிறாய் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. ஒருவேளை நீ எதிரே உட்கார்ந்து சொன்னால் நான் சரி என்றுகூடச் சொல்லலாம். வக்கீல் கொண்டுவரும் காகிதத்தில் மட்டும் போடமாட்டேன். நீ வா.

உன்
எழில்

---

மாரண்டஹள்ளி
28.7.2025

அன்புள்ள பாரதிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கிடைத்ததா, கிடைத்தும் எழுதவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. உன் அம்மாவிடம் கேட்கலாம் என்று சந்தைக்குப் போனேன். அவர்கள், "அவ எப்படிம்மா இருக்கா, உன்கிட்டயாவது பேசுறாளா?" என்று என்னையே கேட்டார்கள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இது என் இரண்டாவது தட்டல். இரண்டாம் முறை வந்து தட்டுகிறவரை உள்ளே விடு, அப்புறம் என்றைக்கும் அவரைத் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள் என்ற விதியை எழுதியது நீ. நான் வேண்டாம், மூன்றாம் முறைக்குத் திறக்கலாம் என்று சண்டை போட்டேன். நீதான் ஜெயித்தாய். அதனால் நீ திறந்தே ஆகவேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. மழைச் சாரல் அடித்துக் கதவில் எழுத்து அழிந்துபோனது. ஆடிப் பதினெட்டுக்கு மட்டும் அம்மாவோடு ஒகேனக்கல் போகிறேன். மற்ற நாளெல்லாம் இங்கேதான் இருப்பேன்.

உன்
எழில்

---

மண்டி மாடி
ஆடிப் பதினெட்டு

எழிலு,

வந்தேன். பூட்டியிருக்கிறது.

உன் முதல் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இரண்டாவது வந்ததும், 'இது என் இரண்டாவது தட்டல்' என்ற வரியோடு நிறுத்தி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மீதியை ஓசூர் தாண்டிப் பஸ்ஸில்தான் படித்தேன். அப்போதுதான் ஒகேனக்கல் என்று இருப்பதைப் பார்த்தேன். என் புத்தி எப்போதும் இப்படித்தானே.

காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. நான் கொடுத்த வாக்கு என்னுடைய பாதிக்கு மட்டும்தான், எழிலுடைய பாதியை அவளிடம் கேட்கவேயில்லை என்று கனடாக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். இனி என்ன ஆகும் என்று எனக்கும் தெளிவாக இல்லை. உன்னோடு கத்திப் பேசினால் ஒருவேளை தெளியும்.

மாரப்பன் அண்ணன் மேலே ஏறி வந்து, "சாவி என்கிட்டத்தான் இருக்குது. உங்க ரூம்புதானே, தொறந்து உள்ள போய் உக்காரும்மா" என்றார். வேண்டாங்க அண்ணா என்று சொல்லிவிட்டேன்.

கதவில் யாரோ புதிதாக எழுதியிருக்கிறார்கள். 'ளெ' உன் கையெழுத்து மாதிரி இருக்கிறது. நின்று படித்தேன்.

இன்றைக்கு எங்கள் வீட்டில் தங்குகிறேன். இந்தக் காகிதத்தைச் சங்கிலியில் செருகிவிட்டுப் போகிறேன்.

நாளைக்கு வருகிறேன்.

பாரதி