குசினியில் எடுத்த படம்

12.7.1986, சனி

பின்னேரம் வசந்தியின் தாய் மடத்துவெளியிலிருந்து மகளின் படத்தோடு வந்தார். வசந்தி ஜேர்மனிக்குப் போய் இரண்டு வருடம். பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும்தான் முகம் நிறையப் பரு. அவளுக்கு என்னைவிட மோசம் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

படத்தில் பருவும் இல்லை, தழும்பும் தெரியவில்லை.

“ஆசுப்பத்திரியில ஏதோ லைற்றுக்கு முன்னால இருத்தினவையாம் பிள்ளை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, கிழமைக்கு ரெண்டு தரம். எல்லாம் அடங்கிப் போச்சாம்.”

“ஸ்ரூடியோவில படத்தைத் தொட்டு மறைச்சிருப்பினம் மாமி,” என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

“இது ஸ்ரூடியோப் படம் இல்லை. குசினியில நிக்கேக்க தமையன் எடுத்தது.”

திரும்ப வாங்கிப் பார்த்தேன். அடுப்படி யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் அவள் கன்னத்தில் விழுந்திருக்கிறது. அப்படியான வெளிச்சத்தில் என் கன்னத்துப் பருக்குழிகளில் ஒன்றுகூடத் தப்பாது. அவளோ அகப்பையும் கையுமாகச் சிரிக்கிறாள். முகத்தைத் திருப்பக்கூட இல்லை.

வேலணை மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்கள் அனுப்பியது ஸ்ரூடியோப் படம். படக்காரர் என் தழும்புகளைப் பென்சிலால் மறைத்துக் கொடுத்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். நாளை பத்து மணிக்கு என்னைப் பார்க்க வருகிறார்கள்.

அம்மா ஹோலில் யன்னல்களை எல்லாம் துடைத்துத் திறந்து வைத்திருக்கிறார். நான் இருக்கப்போகிற கதிரையை இப்போதுதான் போய், வெளிச்சம் முதுகில் விழும்படி திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

வசந்தி என்றால் எந்தக் கதிரையிலும் இருப்பாள்.