உன் காலில் ஊற்றிய நீலத் தண்ணீர்

மதினி,

இன்று காலை போடிமெட்டு ஏறும் ஜீப்பில் வேறு ஏலத்தோட்டத்துக்காரி ஒருத்தி ரப்பர் கம்பூட்ஸைக் கழற்றினாள். ஊறிப்போன ரப்பரும் கால் புண்ணும் கலந்த அந்த நாற்றம் குப்பென்று வந்தது. எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. நாலு மழைக்காலம் உன்னோடு ஒட்டி உட்கார்ந்து போன மூக்கு இது. நீ இருந்திருந்தால் "மூக்கு செத்துப்போச்சாடி ஒனக்கு?" என்று இடுப்பில் இடித்திருப்பாய்.

நீ எனக்குச் சொந்தமில்லை. ஒரே ஜீப்பில் ஏறி, ஒரே வரிசையில் ஏலக்காய் எடுத்ததில் மதினி ஆனவள். கேலி பேச ஒரு முறை வேண்டும் என்று நீயாக வைத்துக்கொண்டதுதான் அது.

நம் தோட்டத்தில் கம்பூட்ஸ் யாருக்கும் சொந்தம் கிடையாது. சாயங்காலம் கழற்றிக் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு வெளியே குவித்துப் போடுவோம். ராத்திரி முழுக்கத் தூவானம் அடிக்கும். காலையில் கைக்கு அகப்பட்ட ஜோடியில் காலை நுழைப்போம். முந்தின நாள் எவள் போட்டிருந்தாளோ அவளுடைய ஈரமும் அரிப்பும் நமக்கு. ஒரு நாள் நீ போட்டிருந்த ஜோடியை ஸ்டோருக்குள் சூடு வரும் பக்கம் கவிழ்த்து வைத்தாய். கங்காணி அதைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். "காயில நாத்தம் ஏறிச்சுன்னா போடியில எவன் வாங்குவான்?"

அவன் சொன்னது பொய்யில்லை. ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் கம்பூட்ஸ் காய்வதற்கு ஒரு தகரக் கொட்டகை, நாலு குச்சி, அதற்குமா அந்தத் தோட்டத்தில் வக்கில்லை? காய்க்கு ஒரு ராத்திரி ஈரம் நின்றால் பதறுகிறவர்களுக்கு, வருஷம் முழுக்க ஈரத்தில் நிற்கிற கால் கண்ணில் படவே இல்லை.

முதலில் உன் சுண்டுவிரல் இடுக்கு வெளுத்து வெடித்தது. பிறகு பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, நாட்டுச் சர்க்கரை மாதிரி உதிர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "மலையில சோலி பாக்குறவளுக்குச் சேத்துப்புண்ணு மெட்டி மாதிரிடி. அது இல்லாத காலு ஒரு காலா?" என்றாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆடி மழையில் செடியில் அழுகல் விழுந்தது. ஒரு சரத்தில் நாலு காய் கறுத்ததுதான் தாமதம், மறுநாளே டிரம் வந்தது, நீல நிற மயில்துத்தம் வந்தது, மருந்தடிக்க ஆள் வந்தது. நீ இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

"காயி கறுத்ததுக்கு இம்புட்டுப் பேரு ஓடியாறாய்ங்க. நம்ம காலும் அழுகத்தான செய்யுது? ஒரு நாதி எட்டிப் பாத்துச்சா?" அப்புறம் சொன்னாய், "அழுகலுக்குத்தான மருந்து? செடிக்குக் கேக்குறது காலுக்குக் கேக்காதா? வெரசா கொண்டா அந்தத் தண்ணிய."

காரம் அடங்கச் சுண்ணாம்பு சேர்ப்பதற்கு முன்னால், துத்தம் கரைத்த டிரம்மிலிருந்து நான்தான் மொண்டு வந்தேன். நான்தான் ஊற்றினேன். புண்ணில் நீலம் இறங்கியது.

"எரியுதா மதினி?"

"துளி எரியல. நல்ல மருந்துடி."

மூன்று நாள் ஊற்றினேன். நாலாம் நாள் உன்னால் கம்பூட்ஸில் கால் நுழைக்க முடியவில்லை.

தேனிப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எரியலன்னதும் நீங்க பயந்திருக்கணும்மா. சர்க்கரையில கால் மரத்துப்போச்சு. தோல் வெந்தது அவங்களுக்குத் தெரியவேயில்ல" என்றார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் தடவுகிற களிம்பு போதுமாம். அரிப்பு நின்ற பிறகும் ரெண்டு வாரம் விடாமல் தடவ வேண்டுமாம். விரல் இடுக்கைத் துடைத்துக் காய விட வேண்டுமாம். சொத்தை நகத்துக்கு மட்டும் மாசக்கணக்கில் மாத்திரை. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காலை எடுத்தார்கள், விஷம் அதற்குள் மேலே ஏறிவிட்டது.

உன் வீட்டு வாசலுக்குக் கங்காணி மாலையோடு வந்தான். "சர்க்கரை கொண்டுபோயிருச்சு" என்றான். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். சேத்துப்புண்ணில் யாராவது சாவார்களா என்று ஊர் சிரிக்கும் என்று பயந்தேனா, என் கை வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தேனா? இரண்டும்தான். உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சர்க்கரை இருப்பதை மாத்திரையோடு சேர்த்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, மெட்டி என்று கதை பேசினாயே.

இப்போது என் கம்பூட்ஸ் எனக்கு மட்டும்தான். சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு, தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துக் காய வைக்கிறேன். பையில் மாற்றுக் காலுறை, கால் துடைக்கத் தனித் துண்டு. "கலெக்டரம்மா வர்றாங்க, வழி விடுங்கடி" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

இன்று மத்தியானம் தேவாரத்திலிருந்து புதிதாக வந்திருப்பவள், என் வயசுதான் இருக்கும், ஒரு சொம்போடு டிரம் பக்கம் போனாள். எதுக்கு என்றேன்.

"காலு அரிக்குதுக்கா. ஒங்க மதினி வைத்தியமாமே? எரியவே எரியாதாம்."

அப்படித்தான் மலையில் உன் பேர் நிலைத்திருக்கிறது மதினி, வைத்தியமாக! நான் பேசாமல் இருந்ததற்குக் கிடைத்த கூலி. சொம்பைத் தட்டிவிட்டேன். எனக்கே தெரியாத குரலில் கத்தினேன்: "அவ சாவுக்கு அந்தத் தண்ணிதான் காரணம். மூணு நாளு ஊத்துனது நான்."

காய் எடுத்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. கங்காணியும் அங்கேதான் நின்றான். நாளைக்கு இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், ரெண்டு பேரும் சோலிக்கு வரமாட்டோம் என்று அவனிடம் சொன்னேன்.

அவள் மட்டும் மெதுவாகக் கேட்டாள், "எரியலன்னு அவுக சந்தோசப்பட்டாகளாமேக்கா?"

"ஆமா. ரெண்டு பேருமே சந்தோசப்பட்டோம்" என்றேன்.